வேலையை விட்டவர் தரவையும் எடுத்துப் போனால்: சிவில் வழக்குக்கான முழுமையான வழிகாட்டி

வேலையை விட்டுப் போனவர் நம் கிளையன்ட் லிஸ்ட்டோடு போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் முதலாளிகள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி: "அவரை அங்கே வேலை செய்யவிடாமல் தடுக்க முடியுமா?" இந்தியாவில் முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனையை 1967ல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் வேலை முடிந்த பிறகும் இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குவது கோர்ட்டில் நிற்காது.

ஆளைத் தடுக்க முடியாது. அவர் எடுத்துப் போன கோப்பைத் தடுக்க முடியும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவும் எளிது. வழக்கு தோற்பதற்கு முக்கியக் காரணம், கோபத்தில் ஆளைத் துரத்துவதும், கோப்பைப் பற்றிய ஆதாரத்தைக் கோட்டைவிடுவதும்தான். இந்தியாவில் தொழில் நடத்தும் சிறிய, நடுத்தர நிறுவனங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள்: கதவைச் சாத்துங்கள், எதையும் அழிக்காதீர்கள்

சந்தேகம் வந்த உடனே அவருடைய மெயில், வி.பி.என்., கிளவுட், சி.ஆர்.எம். (வாடிக்கையாளர் விவர மென்பொருள்), கிட்ஹப் (மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடைச் சேமிக்கும் தளம்) என எல்லா அணுகலையும் நிறுத்துங்கள். மறந்துபோகிற இடங்கள் வேறு: நாலு பேர் பகிர்ந்துகொண்ட ஒரே பாஸ்வேர்ட், ஏ.பி.ஐ. சாவிகள் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குள் நுழையப் பயன்படும் ரகசியக் குறியீடுகள்), அவர் சொந்த ஃபோனில் இன்னும் லாக்இன் ஆகி இருக்கும் கம்பெனி வாட்ஸ்அப், வெண்டர் போர்ட்டல்கள். வேலையை விட்ட பிறகு அவர் உள்ளே நுழைந்தாரா என்பதுதான் வழக்கின் மிக வலுவான புள்ளி. அதனால் மூடுவதற்கு முன் திறந்திருக்கும் செஷன்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அவருடைய கணக்கை டெலீட் செய்யக்கூடாது, சஸ்பெண்ட் மட்டும் செய்ய வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனரை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும். மைக்ரோசாஃப்ட் 365ல் 30 நாள். லைசென்ஸ் செலவு மிச்சம் என்று அட்மின் நீக்கிவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும்.

லாக் பதிவுகளுக்கும் ஆயுள் உண்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸின் டிரைவ், லாக்இன் பதிவுகள் பொதுவாக ஆறு மாதம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365ன் சாதாரணத் தணிக்கைப் பதிவு 180 நாள், அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் கிளவுட்டிரெயில் என்ற பதிவேட்டின் நிகழ்வு வரலாறு 90 நாள். கிட்ஹப் ஆடிட் லாகில் யார் எந்தக் களஞ்சியத்தை குளோன் செய்தார் (முழுதாக நகலெடுத்தார்) என்ற பதிவு வெறும் 7 நாள்தான். சோர்ஸ் கோட் போயிருக்கிறது என்று சந்தேகப்பட்டால் வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதை இறக்கி வைக்க வேண்டும்.

அப்புறம் லேப்டாப். அவர் திருப்பிக் கொடுத்த லேப்டாப்பை ஃபார்மேட் செய்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பது நம் ஊர் அலுவலகங்களில் வழக்கம். அதை நிறுத்துங்கள். ஆன் செய்யவும் வேண்டாம். ஐடி பையன் சும்மா திறந்து பார்த்தாலே கோப்புகளின் நேர முத்திரைகள் மாறும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். சீரியல் நம்பர், யார் யாரிடம் எந்தத் தேதி கொடுத்தார் என்பதை எழுதி, உறையில் போட்டு மூடி, கையெழுத்து வாங்கிப் பூட்டுங்கள். தடயவியல் நிபுணர் ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக டிஸ்க்கின் முழுப் பிரதி எடுத்து, அதன் ஹேஷ் மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் டிஜிட்டல் கைரேகையை) குறித்துத் தருவார். ஆய்வு எல்லாம் அந்தப் பிரதியில்தான் நடக்க வேண்டும்.

அந்த லேப்டாப்பின் பிரவுசரில் அவருடைய சொந்த ஜிமெயில் திறந்தே இருக்கலாம். உள்ளே போய்ப் பார்க்காதீர்கள். கம்பெனி லேப்டாப்பாக இருந்தாலும் அந்த அஞ்சல் பெட்டி அவருடையது. அனுமதியில்லாமல் நுழைந்தால் நீங்கள் அவர்மேல் சுமத்தப்போகும் அதே குற்றச்சாட்டு உங்கள்மேல் திரும்பும்.

இதற்கிடையில் இன்னொரு கடமையும் உண்டு. கணினி அமைப்பிலோ தரவிலோ அனுமதியற்ற நுழைவு நடந்தது தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல் உத்தரவிட்டிருக்கிறது. லாக்குகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. சிறிய நிறுவனங்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

என்ன போனது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இந்த வேலையைத்தான் எல்லாரும் அவசரமாக முடிக்கிறார்கள். "எங்கள் வணிக ரகசியங்கள் அனைத்தையும் திருடிவிட்டார்" என்று எழுதினால் நீதிபதி எதற்குத் தடை கொடுப்பார்? கோப்பின் பெயர், அதில் என்ன இருக்கிறது, யார் உருவாக்கியது, எத்தனை பேருக்கு அணுகல் உண்டு, அவர் எப்போது எப்படி எடுத்தார். இந்த ஐந்தும் ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம். மார்ச் 14, இரவு 11.42: விற்பனைப் பிரிவு ஊழியரின் ஐடியிலிருந்து சி.ஆர்.எம்.மில் ஒரு எக்ஸ்போர்ட், 6,812 வரிகள். 11.58: அவருடைய லேப்டாப்பில் இதுவரை செருகப்படாத ஒரு பென் டிரைவ் செருகப்பட்டதாக விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிவு. மார்ச் 16: ராஜினாமாக் கடிதம். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர் ஒருமுறைகூட ஐம்பது வரிக்கு மேல் எக்ஸ்போர்ட் செய்ததில்லை. "நம்பிக்கைத் துரோகம்" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த நாலு வரி வலுவானது. வழக்கமான வேலையில் இருந்து அந்த ஒரு நாள் எப்படி விலகுகிறது என்பதைக் காட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பட்டியலைப் பயன்படுத்தினார் என்பதை நிரூபிப்பது எடுத்தார் என்பதை நிரூபிப்பதைவிடக் கடினம். இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: வாடிக்கையாளர் பட்டியலில் முன்கூட்டியே ஓரிரண்டு போலிப் பதிவுகளை நுழைத்து வைப்பது. வேறு எங்கும் இல்லாத அந்த மெயில் முகவரிக்குப் போட்டி நிறுவனத்தின் விளம்பரம் வந்தால், பட்டியல் எங்கிருந்து போனது என்பதற்கு அதுவே சாட்சி.

எது ரகசியம், எது இல்லை என்பதில் நேர்மையாக இருங்கள். அவர் தலையில் இருக்கும் அனுபவம், திறமை, எந்த வாடிக்கையாளர் எப்படிப் பேசுவார் என்ற பழக்கம் எல்லாம் அவருடையது. டில்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1995ல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில், முன்னாள் ஊழியர் தபால்வழி விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவுத்தொகுப்பின் பிரதியோடு போய்விட்டார். உழைப்பால் தொகுக்கப்பட்ட அந்தத் தொகுப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று சொல்லி கோர்ட் தடை கொடுத்தது. 2006ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி முன்னாள் ஊழியர்மேல் போட்ட வழக்கில், வாடிக்கையாளர்களின் பெயர், தொடர்பு விவரங்கள் தெரிந்திருப்பதை மட்டும் வணிக ரகசியமாக ஏற்க அதே கோர்ட் மறுத்தது. ரகசியத்தைக் காரணம் காட்டி ஊழியரின் வேலை வாய்ப்பைப் பறிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

நீங்கள் அதை ரகசியமாக வைத்திருந்தீர்களா என்பது அடுத்த கேள்வி. நாற்பது டீலர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் விலைப்பட்டியலை மனுவில் சேர்க்காதீர்கள். ஒரு பலவீனமான கோப்பு மற்ற நல்ல கோப்புகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

எந்தச் சட்டம், எந்த மன்றம்

அமெரிக்காவில் 2016ல் வந்த வணிக ரகசியப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாக வழக்குப் போட வழி தருகிறது. ஊபர்மேல் ஓட்டுநரில்லாக் கார் நிறுவனமான வேமோ 2017ல் தொடுத்த வழக்கு இந்த வகையில் மிகவும் பேசப்பட்டது. வேமோவின் முன்னாள் பொறியாளர் கிளம்புவதற்கு முன் சுமார் 14,000 கோப்புகளை இறக்கினார் என்பது புகார். 2018 பிப்ரவரியில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, ஏறக்குறைய 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஊபர் பங்குகளோடு சமரசமானது.

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தந்த 289ஆவது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று வரைவோடு பரிந்துரைத்திருக்கிறது. இப்போதைக்கு நாலு வேர்களைப் பிடித்துத்தான் போக வேண்டும்: ரகசியக் காப்பு ஒப்பந்தம், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கோர்ட்டுகள் ஏற்கும் நம்பிக்கை மீறல் கோட்பாடு, 1957 பதிப்புரிமைச் சட்டம், 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டம்.

பதிப்புரிமையைப் பிடிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். பிரிவு 17ன்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய சோர்ஸ் கோடுக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸர் எழுதியிருந்தால் அப்படி இல்லை. எழுத்துமூலம் உரிமை மாற்றி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் மென்பொருளின் முக்கால்வாசியை ஃப்ரீலான்ஸர் எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தை முதலில் தேடுங்கள்.

ஐடி சட்டத்தின் பிரிவு 43 தான் ஹேக்கிங்குக்கான சிவில் வழி. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது, தரவை இறக்குவது, நகலெடுப்பது, அழிப்பது, சேதம் விளைவிக்கும் நோக்கத்தோடு சோர்ஸ் கோடைத் திருடுவது எல்லாம் இதில் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இந்தத் தனித்தனி என்பது முக்கியம். "வேலையில் இருந்தபோது எனக்குப் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தார்களே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். நுழைய அனுமதி இருந்தது சரி, மொத்தமாக நகலெடுக்க அனுமதி இருந்ததா என்று நாம் கேட்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021ல் வான் ப்யூரன் வழக்கில் தங்கள் ஹேக்கிங் சட்டத்தைக் குறுக்கிப் பொருள் கொண்டது. நுழையும் உரிமை இருந்தவர் தவறான நோக்கத்துக்காகப் பார்த்தால் மட்டும் அது குற்றமாகாது என்றது. நம் பிரிவு 43ன் வாசகம் வேறு. ஆனாலும் அந்த அனுமதியின் எல்லையை எழுத்தில் வைத்திருந்தால்தான் வாதம் நிற்கும்.

இதில் பலர் சறுக்கும் இடம் மன்றம். பிரிவு 43ன் கீழ் 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டை சிவில் கோர்ட்டில் கேட்க முடியாது. பிரிவு 61 தடுக்கிறது. அதைக் கேட்க வேண்டியது தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம், அதாவது மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம். 5 கோடிக்கு மேல் என்றால் கோர்ட். அதிகாரியின் உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் டில்லியில் உள்ள டி.டி.சாட் என்ற தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகலாம். தமிழ்நாட்டில் இந்த வழியை 2010லேயே ஒருவர் பயன்படுத்தினார்: ஃபிஷிங் என்ற போலி மெயில் மோசடியில் பணம் இழந்த வங்கி வாடிக்கையாளருக்கு ஏறத்தாழ 12.85 லட்சம் ரூபாய் தரும்படி வங்கிக்கு உத்தரவானது. ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும்.

ஆகவே பெரும்பாலும் வழக்கு இரண்டாகப் பிரியும். கோப்பைப் பயன்படுத்தத் தடை, திருப்பித் தரும் உத்தரவு, பதிப்புரிமை மீறலுக்கான நஷ்ட ஈடு எல்லாம் கமர்ஷியல் கோர்ட்டில் அல்லது உயர் நீதிமன்றத்தில். ஹேக்கிங்கால் வந்த இழப்பு அதிகாரியிடம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குவதால், முடிந்தால் அங்கே போவது நல்லது என்பது என் கருத்து.

நோட்டீஸ் அனுப்பலாமா?

அவருக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை என்றால் அனுப்பாதீர்கள். நோட்டீஸ் போன அன்று இரவே பென் டிரைவ் காணாமல் போகும். ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அவருக்கும் விஷயம் தெரியும் என்றால் நோட்டீஸ் நல்ல வழி. என்னென்ன கோப்புகள், எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும், யாரிடம் கொடுத்தார் என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். இருபத்தைந்து வயதுப் பையன் தன்னுடைய வேலை மாதிரிகள் என்று நினைத்துக் கொஞ்சம் சோர்ஸ் கோடை எடுத்துப் போயிருந்தால் விஷயம் இங்கேயே முடிய வேண்டும். அவனைக் கோர்ட்டுக்கு இழுப்பது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

புதிய நிறுவனத்துக்கும் கடிதம் போடலாம். தேதி, கோப்பின் பெயர், நம் உரிமை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "திருடன்" என்ற ஒரு சொல் அவதூறு வழக்காகத் திரும்பும்.

கமர்ஷியல் கோர்ட்டுக்குப் போகும் முன் கமர்ஷியல் கோர்ட்டுகள் சட்டத்தின் பிரிவு 12ஏயின் கீழ் சமரச முயற்சி கட்டாயம் என்று 2022ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் விலக்கு உண்டு. அந்த அவசரம் வெறும் சாக்காக இருக்கக்கூடாது என்று 2023ல் யாமினி மனோகர் வழக்கில் சேர்த்தது. ஜனவரியில் தெரிந்த திருட்டுக்கு ஆகஸ்டில் வந்து அவசரம் என்றால் யார் நம்புவார்?

மனுவும் இடைக்காலத் தடையும்

உண்மையில் வழக்கின் முடிவு பெரும்பாலும் இடைக்கால மனுவிலேயே தெரிந்துவிடும். சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 39, ரூல் 1, 2. முதல் பார்வையில் வழக்கு இருக்கிறதா, தடை தராவிட்டால் யாருக்கு அதிகச் சிரமம், பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பா என்ற மூன்றையும் காட்ட வேண்டும்.

எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமலே தடை கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது உங்களுக்கு எதிரான விஷயங்களையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறதா? ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டீர்களா? மறைத்து வாங்கிய தடை, உண்மை வெளியே வந்த அன்றே ரத்தாகும். தடை கிடைத்த உடனே மனுவின் நகல்களை எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அதே நாளோ மறுநாளோ அஃபிடவிட் போடுவதும் ரூல் 3ன் கட்டாயம்.

என்ன கேட்பது? குறிப்பிட்ட கோப்புகளைப் பயன்படுத்தாதே, யாருக்கும் தராதே, எதையும் அழிக்காதே, எந்தெந்தச் சாதனங்களிலும் கணக்குகளிலும் இருக்கிறது என்று பிரமாணத்தில் சொல். இதோடு அட்வகேட் கமிஷனர் ஒருவரை நியமிக்கக் கேளுங்கள். அவர் தடயவியல் நிபுணரோடு பிரதிவாதியின் இடத்துக்குத் திடீரென்று போய் லேப்டாப், ஃபோன், கிளவுட் கணக்குகளின் பிரதியை எடுத்து கோர்ட்டில் ஒப்படைப்பார். நல்ல வக்கீல் இந்த உத்தரவிலேயே தேடல் சொற்களையும் தேதி வரம்பையும் போட்டுவிடுவார், பிரதிவாதியின் குடும்பப் புகைப்படங்கள் வரை யாரும் புரட்டாமல் இருப்பதற்காக. அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பேச்சு பிரிவு 27க்குத் தாவிவிடும்.

ரகசியக் கோப்பை மனுவோடு இணைப்பாகப் போட்டுவிடாதீர்கள். கோர்ட் ஆவணத்தைப் பிறர் பார்க்க முடியும். மூடிய உறையில் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள், இரு தரப்பிலும் குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கும் ரகசியக் குழு அமைக்கச் சொல்லுங்கள்.

சான்றிதழ்: பிரிவு 63

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய், பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 வந்திருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்குப் பின் வந்த பிரிவு 63ல் படிவம் இரண்டு பகுதியாகியிருக்கிறது: பகுதி ஏ, அந்தச் சாதனத்தின் பொறுப்பில் இருந்தவர் தருவது, பகுதி பி, நிபுணர் தருவது. இரண்டிலும் ஹேஷ் மதிப்பையும், அது எஸ்.ஹெச்.ஏ. 1, எஸ்.ஹெச்.ஏ. 256, எம்.டி.5 இவற்றில் எந்த முறை என்பதையும் குறிக்க வேண்டும். பகுதி ஏயில் கையெழுத்திடுபவர் நாளை கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். லாக்கை உண்மையிலேயே இறக்கிய ஆள் கையெழுத்திடட்டும். நிர்வாக இயக்குநர் வேண்டாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்

"கம்பெனி லேப்டாப் தரவில்லை, என் சொந்த மெஷினில்தான் வேலை செய்தேன், கோப்பு அதில் இருப்பது இயல்பு." இது வலுவான பதில், பல இடங்களில் உண்மையும்கூட. "அந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் லிங்க்ட்இன்னில் இருக்கிறார்கள்." பெயர்கள் இருக்கலாம், அவர்கள் கொடுக்கும் விலையும் ஒப்பந்தம் முடியும் தேதியும் இருக்காது. "ரிலீவிங் லெட்டர் கேட்டேன், பழிவாங்குகிறார்கள்." இதுதான் கோர்ட்டில் அனுதாபம் பெறும் வாதம். அதனால் அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய சம்பளத்தையும் காகிதங்களையும் வழக்குக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அது அவருடைய உரிமை, உங்கள் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போலீஸ் புகார்

பிரிவு 43ல் சொன்ன செயலை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66ன்படி அது குற்றம்: மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சிவில் வழக்கோடு சேர்த்தே புகார் கொடுக்கலாம். ஆனால் விசாரணைக்காக உங்கள் சர்வரையும் போலீஸ் கைப்பற்றலாம், பிரதிவாதியின் லேப்டாப் தடயவியல் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் கிடக்கலாம். சிவில் கோர்ட்டில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தரவைத் திரும்பப் பெறுவதுதான் நோக்கம் என்றால் சிவில் வழியே வேகம். "எஃப்.ஐ.ஆர். போடுவேன்" என்று மிரட்டிப் பணம் கேட்பது வேண்டவே வேண்டாம்.

பணமும் முடிவும்

நஷ்டத்தைக் கணக்கில் காட்டுங்கள்: கைவிட்டுப் போன ஆர்டர்கள், தடயவியல் செலவு, சிஸ்டத்தைச் சரிசெய்த செலவு. இல்லாவிட்டால் அந்தக் கோப்பால் எதிர்த்தரப்பு ஈட்டிய லாபத்தைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் ஃபீ ஏறும். காட்ட முடியாத தொகையைக் கேட்டு ஃபீ கட்டாதீர்கள். காலவரம்பு பொதுவாக மூன்று வருடம். பிரதிவாதி 30 நாளில் எழுத்து வாக்குமூலம் தர வேண்டும், கமர்ஷியல் கோர்ட்டில் எந்தக் காரணத்தாலும் 120 நாளைத் தாண்ட முடியாது. தடையை மீறினால் ஆர்டர் 39, ரூல் 2ஏயின்படி சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை.

இந்த வழக்குகளில் நிறைய, கமிஷனர் அறிக்கை வந்ததும் சமரசத்தில் முடியும். அப்போது வெளியே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டு வழக்கை வாபஸ் வாங்கிவிடாதீர்கள். ஆர்டர் 23, ரூல் 3ன் கீழ் சமரசத் தீர்ப்பாணையாகப் பதிவு செய்யுங்கள்: எந்தக் கோப்புகள் அழிக்கப்பட்டன, எந்தச் சாதனங்களை நிபுணர் சரிபார்த்தார், புதிய நிறுவனம் எதைப் பயன்படுத்தாது என்ற பட்டியலோடு. ஒரு வருடம் கழித்து அதே பட்டியல் வேறு பெயரில் வெளியே வந்தால், புது வழக்குப் போடாமல் அந்த ஆணையை வைத்தே நேராக நிறைவேற்று மனு போடலாம்.